டீசலில் ஊற்றும் போத்தல் தேவையா? மலையகத்தில் புதிதாக டீசல் வாகனம் வாங்கியவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் எந்த ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் காசு மேசைக்குப் பக்கத்திலேயே கலர் கலராகச் சின்னப் போத்தல்கள் அடுக்கியிருக்கும். டீசலில் ஊற்றினால் புகை குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும், நொசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் முனை) சுத்தமாகும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். முதன்முதலாக டீசல் வேனோ லொறியோ வாங்கியவருக்கு, இது ஊற்றாமல் ஓட்டினால் எஞ்சினுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று ஒரு பயம் வரும். ஒன்றும் ஆகாது. நல்ல டீசலும் நல்ல பில்டரும் இருந்தால் பெரும்பாலான வாகனங்கள் எந்தப் போத்தலும் இல்லாமலேயே ஓடி முடிக்கும்.

டீசலில் வரும் தொல்லைகளில் பெரியவை மூன்று: தண்ணீர், தூசி, கந்தகம். கந்தகத்தையும் தூசியையும் எந்தப் போத்தலும் எடுக்காது. தண்ணீரை எடுப்பதாகச் சொல்லும் போத்தல்களில் சில அதை எடுப்பதற்குப் பதிலாக டீசலோடு கலந்து நொசில் வரைக்கும் அனுப்பி வைக்கும். அதனால் கையில் இருக்கும் காசை முதலில் பில்டருக்கும், அடுத்து நல்ல டீசலுக்கும் செலவழியுங்கள். மிச்சமிருந்தால், அதுவும் காரணம் தெரிந்தால், போத்தலைப் பற்றி யோசிக்கலாம். கீழே எஞ்சின் ரகத்தில் தொடங்கி, டீசல், பில்டர், பிறகு போத்தல் என்று பார்ப்போம்.

முதலில் உங்கள் எஞ்சின் எந்த ரகம் என்று பாருங்கள்

டீசல் எஞ்சின்களை நம் தேவைக்கு இரண்டாகப் பிரித்தால் போதும். பழைய ரகத்தில் பம்பு ஒன்று இருக்கும், அதிலிருந்து ஒவ்வொரு நொசிலுக்கும் தனித்தனிக் குழாய் போகும். டொல்பின் வேன்களில் வந்த 2எல், 3எல் எஞ்சின்கள், பழைய எல்ஃப், கென்டர் லொறிகள், தோட்டத்து டிராக்டர்கள், பழைய டிமோ பட்டா எல்லாம் இந்தக் கூட்டம். இவை முரட்டுச் சாமான்கள். கொஞ்சம் முன்பின்னான டீசலையும் தாங்கும்.

மற்றது கொமன் ரெயில், அதாவது எல்லா நொசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருக்கும் ரகம். கேடிஎச் வேன்களில் வரும் 1கேடி, 2கேடி எஞ்சின்களும், கடந்த பதினைந்து இருபது வருடத்தில் வந்த டபுள் கெப், ஜீப் வகைகளில் அநேகமானவையும் இதுதான். இதில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் போகிறது. இதன் நொசிலை இன்ஜெக்டர் என்பார்கள். இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி சில மைக்ரோன்கள் மட்டுமே. தலைமுடியின் தடிப்பே கிட்டத்தட்ட 70 மைக்ரோன் என்றால், கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு செட் இன்ஜெக்டர் மாற்றினால் செலவு இலட்சங்களில் போகும். கொமன் ரெயில் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இரண்டு தரம் படித்தாலும் தப்பில்லை.

அடுத்ததாக, புகைக்குழாயில் டிபிஎப் இருக்கிறதா என்று பாருங்கள். கரியைப் பிடித்து வைத்து அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும் பில்டர் அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியதற்குப் பிறகு ஜப்பானிலிருந்து வந்த டீசல் வாகனம் என்றால் அநேகமாக இருக்கும். வாங்கிய இடத்தில் கேளுங்கள், கையேட்டிலும் பாருங்கள். கையேடு ஜப்பான் மொழியில் இருந்தால், கராஜ் பாஸிடம் (மெக்கானிக்) காட்டி வாகனத்தின் அடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டோ டீசலா, சுப்பர் டீசலா

எரிபொருள் நிரப்பும் ஷெட்டில் இரண்டு வகை கிடைக்கும். ஓட்டோ டீசல் விலை குறைவு, கந்தகம் கூட. சுப்பர் டீசல் யூரோ 4 தரம். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2018இல் யூரோ 4 வகையை அறிமுகப்படுத்தியது. யூரோ 4 என்றால் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, சீட்டேன் எண் 51க்குக் குறையக்கூடாது. சீட்டேன் எண் என்பது டீசல் எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்கிறது என்பதற்கான அளவு. அது கூடினால் காலையில் ஸ்டார்ட் சுலபம், எஞ்சின் தட்டும் சத்தமும் குறையும்.

கந்தகம் ஏன் கெடுதல்? எரிந்ததும் அது அமிலமாகி எஞ்சின் ஒயிலில் சேர்கிறது. ஒயிலில் அந்த அமிலத்தை அடக்கும் மருந்து இருக்கிறதுதான், ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். டிபிஎப், கெட்டலிஸ்ட் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) உள்ள வாகனத்தில் அவற்றையும் கந்தகம் கெடுக்கும். ஜப்பானில் ஓடிய வாகனம் 10 பங்குக் கந்தகம் உள்ள டீசலைக் குடித்துப் பழகியது. அதைக் கொண்டுவந்து ஓட்டோ டீசல் அடித்துவிட்டு, டிபிஎப் லைட் எரிகிறது என்று போத்தல் வாங்கி ஊற்றுவதில் பிரயோசனம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், டிபிஎப் இருந்தால் சுப்பர்தான், பேச்சே கிடையாது. டிபிஎப் இல்லாத கொமன் ரெயிலுக்கு முடிந்தவரை சுப்பர். ஹயர் ஓடிக் கணக்குப் பார்ப்பவர் ஓட்டோ டீசல் அடித்தால் ஒயிலைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். பழைய பம்பு எஞ்சினுக்கு ஓட்டோ டீசலே போதும். பழைய டொல்பினுக்குச் சுப்பர் அடித்தால் சத்தம் கொஞ்சம் குறையலாம், ஆனால் விலை வித்தியாசத்தை ஈடுகட்டும் அளவுக்கு லீற்றருக்கு ஓட்டம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் கலந்து அடிப்பதால் கெடுதல் இல்லை, கலந்த அளவுக்குத்தான் நன்மையும்.

ஷெட்டில் கவனிக்க வேண்டியவை

சிபெட்கோ, லங்கா ஐஓசி, 2023இல் வந்த சைனோபெக் என்று பலகைகள் பல. எந்தக் கம்பனி நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பலகையைவிட அந்த ஷெட்டின் நிலத்தடித் தாங்கியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் முக்கியம். டீசல் கொழும்புப் பக்கமிருந்து பவுசரிலும், ரயிலில் கொட்டகலை எண்ணெய்க் களஞ்சியத்துக்கும் வருகிறது. வழியில் என்னதான் சுத்தமாக வந்தாலும், கடைசியில் இறங்குவது ஷெட்டின் தாங்கிக்குள்தான். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது. தாங்கி மூடியின் இறப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போக வேறு வழி தேட வேண்டியதில்லை.

அதனால் மூன்று பழக்கம். பவுசர் நின்று டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே அடிக்காதீர்கள். மேலிருந்து கொட்டும்போது அடியில் படிந்த தண்ணீரும் சேறும் கலங்கி எழும். அது மறுபடி படிய சில மணித்தியாலம் வேண்டும். இரண்டாவது, வாகனம் அதிகம் வந்துபோகும் ஷெட்டாகப் பாருங்கள். லொறிகளும் பஸ்களும் வரிசையாக அடிக்கும் இடத்தில் டீசல் தேங்கி நிற்காது. மூன்றாவது, பில் வாங்கி டேஷ்போர்ட்டில் போடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சந்தேகம் வந்தால் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். தாங்கிக்குள் விடும் அளவுகோலின் நுனியில் தண்ணீர் பார்க்கும் பசை ஒன்றைத் தடவுவார்கள். தண்ணீர் பட்ட உயரம் வரைக்கும் அதன் நிறம் மாறிவிடும். பெரும்பாலான ஷெட்களில் இந்தப் பசை இருக்கும். "ஐயா, தண்ணி பார்த்தீங்களா இன்னிக்கு?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல மனேஜர் பார்த்துக் காட்டுவார். முகத்தைச் சுளித்தால் அடுத்த தரம் வேறு ஷெட்டுக்குப் போங்கள்.

மண்ணெண்ணெய் கலப்படம் பற்றியும் ஒரு சொல். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு விற்ற காலத்தில் டீசலில் அதைக் கலப்பதில் இலாபம் இருந்தது. 2022 ஆகஸ்டில் அது 340 ரூபாய்க்கு ஏறியதும் அந்த இலாபம் பெருமளவு அடிபட்டுப் போனது. ஆனாலும் சில சாரதிமார் எஞ்சின் சுத்தமாகும் என்று தாங்களே டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். டீசலுக்கு இருக்கும் வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லை. பம்பும் நொசிலும் அந்த வழுவழுப்பை நம்பித்தான் ஓடுகின்றன. கொமன் ரெயில் என்றால் மண்ணெண்ணெய்க் கேனைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீரை நீங்களே வடித்துப் பாருங்கள்

இந்த ஒரு வேலையைப் பழகிக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் சேரும் இடம் இருக்கிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அங்கே இறங்கி நிற்கும். அடியில் கையால் திருகக்கூடிய ஒரு சின்ன வடிகுழாய் ஆணியும், மேலே அமுக்குவதற்கு ஒரு கைப்பம்பும் இருக்கும். வாகனத்துக்கு வாகனம் இடம் மாறும். சிலதில் பொனட்டுக்குள், சில வேன்களில் சீட்டுக்கு அடியில், லொறிகளில் சேசிஸ் ஓரத்தில். முதல் தரம் பாஸிடம் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்க வாகனம் நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்வதுதான் நல்லது. நன்றாகக் கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜேம் போத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடிகுழாயில் ஒரு சின்ன இறப்பர் குழாயை மாட்டி மறு நுனியைப் போத்தலுக்குள் விடுங்கள். ஆணியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை மெதுவாக அமுக்குங்கள். கால் போத்தல் வந்ததும் ஆணியை இறுக்கிவிடலாம். கையால் இறுக்கினால் போதும். குறடு போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் ஆணி வெடித்துவிடும். அப்புறம் கைப்பம்பு கட்டியாகும் வரை அமுக்கி, ஸ்டார்ட் செய்து, ஒழுகுகிறதா என்று குனிந்து ஒரு பார்வை.

இனிப் போத்தலைத் தட்டையான இடத்தில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். நல்ல டீசல் என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே தெளிவு, இளமஞ்சள். போத்தலுக்குப் பின்னால் பிடித்த பத்திரிகை எழுத்தைப் படிக்கலாம். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாக நிற்கும். போத்தலைச் சரித்தால் அது குண்டு குண்டாக உருளும். பழுப்பு நிறத் தூள் படிந்தால் டேங்குக்குள் துரு. டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையில் கறுப்பாகச் சளி மாதிரி மிதந்தால் விஷயம் கொஞ்சம் பெரிது. டீசலைத் தின்று, தண்ணீரில் வாழும் ஒரு பூஞ்சணம் அது. தண்ணீர் இல்லாவிட்டால் அது வளராது.

சில துளி தண்ணீர் வருவது சாதாரணம். ஒரு விரற்கடை அளவுக்கு வந்தால், அடுத்த வாரமும் வந்தால், டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். மழைக் காலத்தில் மாதம் ஒரு தரம், மற்ற நாளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வடித்தால் போதுமானது. டேஷ்போர்ட்டில் தண்ணீர் லைட் எரிந்தால் அன்றே வடியுங்கள், "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று கடுகண்ணாவை ஏற்றம் ஏறாதீர்கள். வடித்ததைக் கானில் ஊற்ற வேண்டாம். நம் பக்கம் எல்லாக் கானும் ஏதோ ஒரு ஓயாவில்தான் போய் விழுகிறது, கீழே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

மலையில் இரவு குளிர்வதால் பாதி டேங்கில் காற்று வியர்த்துத் தண்ணீர் சேரும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. தினமும் ஓடும் வாகனத்தில் அப்படிச் சேர்வது கொஞ்சம்தான். மாதக்கணக்கில் நிற்கும் வாகனம் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். டேங்கைக் கால்வாசிக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு நல்ல காரணமும் இருக்கிறது. இறம்பொடை மாதிரிச் செங்குத்தான ஏற்றத்தில் டீசல் ஒரு பக்கம் சாய்ந்து, குழாய் காற்றை உறிஞ்சிவிடும். கூடவே அடியில் கிடந்த சேறும் ஏறும். பாதி ஏற்றத்தில் எஞ்சின் விக்கி நின்றால் பிறகு கைப்பம்பு அடிக்க ஆள் தேட வேண்டியதுதான்.

பில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கையேட்டில் பில்டர் மாற்ற 20,000 கிலோமீற்றர் என்று இருந்தால் நம் பாதைக்கும் நம் மழைக்கும் 10,000இல் மாற்றுவதுதான் என் கணக்கு. டீசல் பில்டரின் விலையை ஓர் இன்ஜெக்டரின் விலையோடு வைத்துப் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. போலிப் பில்டர்களும் சந்தையில் தாராளமாக உண்டு. பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே கடதாசி மடிப்பு பாதிதான் இருக்கும். தெரிந்த கடையில் வாங்குங்கள்.

பில்டர் மாற்றும்போது பாஸ்மார் சிலர் புதுப் பில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் பூட்டுவார்கள். சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்பதற்காக. பழைய எஞ்சினுக்குப் பரவாயில்லை. கொமன் ரெயிலில் அப்படிச் செய்ய விடாதீர்கள். நடுவிலுள்ள ஓட்டை வழியாக ஊற்றும் டீசல், வடிகட்டப்படாமலேயே நேரே பம்புக்குப் போகும். வெறும் பில்டரைப் பூட்டி, கைப்பம்பால் அடித்து நிரப்புவதுதான் முறை. கொஞ்சம் கை வலிக்கும், அவ்வளவுதான்.

மலை ஏறும்போது வரும் கறுப்புப் புகை

கொழும்பில் சுத்தமாக ஓடிய வாகனம் நானுஓயா தாண்டியதும் கறுப்பாகப் புகைத்தால் உடனே டீசலைத்தான் சந்தேகிப்பார்கள். கராஜ்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அண்ணே, நேத்து அடிச்ச டீசல் சரியில்ல போல. ஒரு போத்தல் ஊத்திப் பார்ப்பமா?"

"தம்பி, முதல்ல அந்த எயார் பில்டரக் கழட்டி வெளிச்சத்துல புடி."

அண்ணன் சொல்வதுதான் சரி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத பழைய எஞ்சினில் பம்பு அதே அளவு டீசலைத் தள்ளும், எரிக்கக் காற்று போதாது. மிச்சம் கரியாக வெளியே வரும். எயார் பில்டரும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கியரைக் குறைத்து, மிதியைப் பாதியில் வைத்து ஏறினாலே புகை குறையும். டர்போ இருந்தும் புகைத்தால் டர்போக் குழாயில் கசிவு, இஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) கரி, நொசில் தேய்மானம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

புகையின் நிறமும் ஒரு தடயம். கறுப்பு என்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு. வெள்ளை, அதுவும் காலையில் மட்டும் என்றால், டீசல் எரியாமல் வருகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, டீசலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வருட லைசன்ஸுக்கான புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் போத்தல் வாங்கி ஊற்றுவது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காசுக்கு எயார் பில்டர் மாற்றினால் பரிசோதனையும் தேறும், அடுத்த நாளும் நன்றாக ஓடும்.

குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

தை, மாசியில் நுவரெலியா, அம்பேவெலைப் பக்கம் புல்லில் துகள் உறைபனி விழும். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் நாடுகளுக்கென்று தயாரிக்கும் டீசலைவிட வெப்ப நாட்டு டீசலில் அது சீக்கிரமே திரளும். ஆகவே மிகக் குளிரான விடியலில் டீசல் லேசாக மங்கலாவது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் நம் பக்கம் காலையில் மக்கர் பண்ணும் வாகனங்களில் அநேகமானவற்றுக்கு ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினின் உள்ளே சூடாக்கும் பிளக்) போயிருக்கும், அல்லது பெட்டரி சோர்ந்திருக்கும். பிளக் லைட் அணையும் வரை பொறுத்து சாவியைத் திருப்புங்கள். முடியாவிட்டால் சாவியை மூடித் திறந்து இன்னொரு தரம் சூடாக்குங்கள். அப்படியும் முரண்டு பிடித்தால் பிளக்குகளைச் சோதிக்கக் கொடுங்கள். வெயில் படும் இடத்தில் நிறுத்துவதும், வீட்டுச் சுவரோரம் நிறுத்துவதும் இலவச வைத்தியம்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்குள் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அது கண்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். டேங்குக்கு அடியில் பேப்பர் கொளுத்திச் சூடு காட்டுவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேனிலும் பீப்பாயிலும் வைத்திருப்பவர்களுக்கு

2022இல் கியூஆர் கோட்டுக்கு வரிசையில் நின்ற அனுபவம் எல்லோருக்கும் கேனில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கும் டிராக்டருக்கும் பீப்பாயில்தான் டீசல் இருக்கும். நிழலில், ஈரம் படாமல், நன்றாக மூடி வைத்தால் ஆறு மாதம் தாராளமாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் போனதை வாகனத்தில் ஊற்ற வேண்டாம்.

பீப்பாயை வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் மேல் விளிம்புக்குள் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் மரைவழியாக அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நினைப்பீர்கள், உள்ளே ஒரு லீற்றர் தண்ணீர் கிடக்கும். கூரைக்கு அடியில் வையுங்கள், அல்லது இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரிப் படுக்க வையுங்கள். நாகம் பூசிய வாளி, தகரம் வேண்டாம். டீசல் நாகத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற ஒரு பொருளை உண்டாக்கி, பில்டரை அடைக்கும். எடுக்கும்போது அடி நான்கு விரல் அளவை அப்படியே விட்டுவிட்டு மேலிருந்து எடுத்து, மெல்லிய வலைப் புனலால் வடித்து ஊற்றுங்கள்.

சரி, இப்போது போத்தலுக்கு வருவோம்

எல்லாப் போத்தலும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். உள்ளே என்ன மருந்து இருக்கிறது, உங்கள் வாகனத்துக்கு என்ன நோய் என்பது பொருந்த வேண்டும்.

நொசில் சுத்தமாக்கும் வகை கொஞ்சம் உருப்படியானது. நிறைய ஓடிய எஞ்சின், ஐடிலில் லேசாக ஆடுகிறது, வேறு கோளாறு இல்லை என்றால் ஒரு டேங்குக்கு ஊற்றிப் பார்க்கலாம். படிந்த அழுக்கை அது கரைக்கும். தேய்ந்த நொசிலைத் திருத்தாது.

சீட்டேன் கூட்டும் வகையும் உண்மையிலேயே வேலை செய்யும்; சீட்டேன் எண்ணைச் சில புள்ளிகள் உயர்த்தும். ஓட்டோ டீசல் குடிக்கும் பழைய எஞ்சின், குளிர் காலையில் வெள்ளைப் புகை, பிளக் எல்லாம் சரி என்றால் இதற்கு இடம் உண்டு. ஆனால் அந்தப் போத்தல் விலைக்கு ஒரு தரம் சுப்பர் டீசல் கலந்து அடித்தால் அதே பலன் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வழுவழுப்புக் கூட்டும் வகை. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் போய்விடும் என்பது உண்மை, அதற்காகத் தயாரிக்கும் இடத்திலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஷெட் டீசலுக்கு நீங்கள் மறுபடி சேர்க்கத் தேவையில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஒயிலை டீசலில் ஊற்றும் பழக்கமும் இந்தக் கணக்கில்தான் வந்தது. பழைய பம்பு எஞ்சினுக்குக் கொஞ்சமாக ஊற்றினால் கெடுதல் தெரியாது, பெரிதாக நன்மையும் தெரியாது. டிபிஎப் வாகனத்தில் ஊற்றினால் அதன் சாம்பல் பில்டரில் போய்ச் சேரும். சாம்பல் எரிந்து போகாது.

தண்ணீர் எடுக்கும் வகையில்தான் கவனம் வேண்டும். தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்கும் மருந்து ஒரு ரகம், அது பரவாயில்லை; இறங்கியதை நீங்கள் வடித்துவிடலாம். அல்கஹோல் கலந்து தண்ணீரை டீசலோடு சேர்த்துக் கரைக்கும் மருந்து இன்னொரு ரகம். அதுதான் தண்ணீரைப் பில்டரைத் தாண்டிக் கொண்டுபோய் இன்ஜெக்டரில் விடும். கொமன் ரெயிலுக்கு அது ஆகாது. போத்தலில் எந்த ரகம் என்று தெளிவாக எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள், ஜேம் போத்தலும் இறப்பர் குழாயும் போதும்.

பூஞ்சணம் கொல்லும் மருந்து, கறுப்புச் சளியைக் கண்ணால் பார்த்தவருக்கு மட்டும். டேங்கைக் கழுவிய பிறகு ஊற்ற வேண்டும். கழுவாமல் ஊற்றினால் செத்த சளி மொத்தமும் பில்டருக்கு வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது நஞ்சு.

உலோகத் தூள் கலந்த "புகை குறைக்கும்" வகைகளை டிபிஎப் வாகனத்தில் நீங்களாக ஊற்ற வேண்டாம். எந்தப் போத்தலானாலும் அளவுக்கு மேல் ஊற்றுவதால் பலன் கூடாது. முதலில் மருந்தை டேங்கில் ஊற்றி, அதன் மேல் டீசல் அடித்தால் தானாகக் கலக்கும். உத்தரவாதம் உள்ள புது வாகனம் என்றால் கையேட்டில் இப்படி டீசலில் ஊற்றும் மருந்து (அடிட்டிவ்) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

உண்மையிலேயே லீற்றருக்கு ஓட்டம் கூடுகிறதா என்று அறிய ஒரே வழி அளப்பதுதான். டேங்கை நிரப்பி, ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்பு போய் அதே வழியில் திரும்பி, அதே ஷெட்டில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுங்கள். மருந்து இல்லாமல் சில தரம், மருந்தோடு சில தரம், கிட்டத்தட்ட அதே பாரத்தோடு. போக வர இரண்டும் சேர்த்து அளக்க வேண்டும். இறக்கத்தை மட்டும் அளந்தால் எந்தப் போத்தலும் அதிசயம் செய்யும்.

கெட்ட டீசல் அடித்துவிட்டதாகத் தெரிந்தால்

ஷெட்டிலிருந்து வெளியே வந்து சில கிலோமீற்றரில் எஞ்சின் இடிக்கிறது, இழுவை போகிறது, தண்ணீர் லைட் எரிகிறது என்றால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எப்படியாவது கராஜ் வரைக்கும் கொண்டுபோய்விடலாம் என்று ஓட்டினால்தான் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும். தவறுதலாகப் பெற்றோல் அடித்துவிட்டார்கள் என்றாலும் இதேதான். ஷெட்டிலேயே கண்டுபிடித்தால் சாவியையே திருப்பாமல், தள்ளி ஓரமாக விட்டு, டேங்கை வடிக்கச் சொல்லுங்கள்.

பில்டரில் வடித்ததையும் டேங்கில் எடுத்ததையும் இரண்டு சுத்தமான கண்ணாடிப் போத்தலில் பிடித்து மூடி, திகதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்ட்டில் போட்ட பில் இப்போதுதான் உதவும். பில்லோடும் போத்தலோடும் ஷெட் மனேஜரைப் பார்த்து, தாங்கியில் தண்ணீர் பார்க்கச் சொல்லுங்கள். அன்று அங்கே அடித்த வேறு வாகனங்களும் நின்றிருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. அங்கே பேசித் தீராவிட்டால் அந்தக் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977இல் அழைத்தும் சொல்லலாம். டேங்க் கழுவிய கூலி, பில்டர், கட்டி இழுத்த செலவு எல்லாவற்றுக்கும் கராஜில் பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பில்டரையும் எறிந்துவிடாமல் ஒரு பையில் கட்டி வைத்திருங்கள்.